மீனுக்குப் புது வீடு! பால் காய்ச்ச அவசரம் வேண்டாம்!

சனிக்கிழமை சாயந்திரம் புதுத் தொட்டி வீட்டுக்கு வருகிறது. ஐந்து அடி நீளம்! ஞாயிற்றுக்கிழமை காலை பழைய தொட்டியைக் காலி செய்கிறார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து எடுக்கிறார்கள். மத்தியானத்துக்குள் மீன்கள் புது வீட்டில்! பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

புதன்கிழமை காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெள்ளிக்கிழமை தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. கடல் மீனை வைத்துக்கொண்டு அவசரமாகத் தொட்டி மாற்றிய பல வீடுகளின் கதை.

"தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சே அண்ணே! அப்புறம் எப்படிச் செத்துச்சு?" என்று மீன் கடைக்கு ஓடி வருகிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பதில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சமாச்சாரத்தில் இருக்கிறது.

ஏன் பெரிய தொட்டி?

கண்ணாடிக்குள் கடல் மீன் என்பது சென்னைக்குப் புதிதல்ல. 1909-லேயே மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்காக மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. இன்று வண்ண மீன் என்றால் நகரவாசிகள் கொளத்தூருக்குப் போகிறார்கள். தங்க மீன், சண்டை மீனோடு பழகியவர்கள் சிலர், ஆசை முற்றி, கடல் மீன் பக்கம் வருகிறார்கள்.

2003-ல் வந்த 'பைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு குழந்தைகள் கேட்பது இரண்டே மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று. நீல உடம்பும் மஞ்சள் வாலும் கொண்ட 'டோரி' இன்னொன்று.

கோமாளி மீன் விரல் நீளத்தோடு நின்றுவிடும். டோரி அப்படி அல்ல. வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி! கடலில் நாள் முழுக்க நீந்தித் திரிகிற ஜாதி அது. இரண்டு அடித் தொட்டியில் அதை வைப்பது, பஸ்ஸில் நின்றுகொண்டே குடும்பம் நடத்துவது மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி பிடிப்பது 56 லிட்டர். ஐந்து அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்றால் 566 லிட்டர். பத்து மடங்கு! தண்ணீர் அதிகமானால் சூடு சட்டென்று ஏறாது. உப்பு சட்டென்று கூடாது. கழிவு சட்டென்று சேராது. ஆக, பெரிய தொட்டி மீனுக்கு நல்லதுதான். ஆபத்து தொட்டியில் இல்லை. மாற்றுகிற அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

கடல் மீன் தண்ணீர் குடிக்கும்!

குளத்து மீனும் கடல் மீனும் ஒன்றல்ல. குளத்து மீன் உடம்பில் உப்பு ஜாஸ்தி, வெளியே குறைவு. அதனால் தண்ணீர் தானாக உடம்புக்குள் இறங்கும். அது சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

கடல் மீனுக்கு எல்லாம் நேர்மாறு. வெளியே உப்பு ஜாஸ்தி. உடம்புத் தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடலுக்குள் இருந்தும் அதற்குத் தாகம்! அதனால் கடல் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ராத்திரி பகலாக இந்த வேலை நடக்கிறது.

தண்ணீரில் உப்பு அளவு திடீரென்று மாறினால் இந்த வேலை தடுமாறும். மீன் தவிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் 1.025, 1.026 என்று காட்டும். அந்த ஊசி இருக்கும் இடத்தில்தான் மீனின் உயிர் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

இப்போது முக்கிய விஷயம்.

மீன் தின்கிறது, கழிவு விடுகிறது. செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியாகிறது. அம்மோனியா விஷம். கடலில் அது கரைந்து காணாமல் போகும். தொட்டியில் எங்கே போகும்?

அதைத் தின்பதற்கென்றே ஒரு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது இன்னொரு கூட்டம். 1890-ம் ஆண்டு வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்தக் கிருமிகளைப் பிரித்துக் காட்டினார். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

இந்த வேலைக்காரர்கள் குடியிருப்பது எங்கே? இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

தண்ணீரில் என்று நினைத்து, பழைய தண்ணீரைக் கேன் கேனாகப் பத்திரப்படுத்துகிறார்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது சொற்பம். கல்லில், மணலில், பில்டர் பஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் அவை பெரும்பாலும் வாழ்கின்றன. தண்ணீரைக் காப்பாற்றிவிட்டு, பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும்? வேலைக்காரர்கள் அத்தனை பேரும் சாக்கடையில்! அதற்குப் பிறகு மீன் விடுகிற விஷம் மீனுக்கே திரும்புகிறது.

கடல் தண்ணீருக்குக் காரத்தன்மை உண்டு. பி.எச். அளவு 8-க்கு மேல். அந்தத் தண்ணீரில் அம்மோனியாவின் கடுமை இன்னும் கூடும். குளத்து மீன் தாங்குகிற அளவைக் கடல் மீன் தொட்டி தாங்காது.

அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கொஞ்சம் இருந்தால் வாடையும் தெரியாது. அதனால்தான் பளிங்குத் தண்ணீரில் மீன் சாகிறது!

இரண்டு வழி உண்டு

புதுத் தொட்டிக்கு வேறு இடம் இருக்கிறதா? அப்படியானால் முதல் வழி. பழைய தொட்டி அப்படியே ஓடட்டும். புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கல் வைத்து, பில்டரை ஓட விட வேண்டும். பழைய தொட்டியிலிருந்து ஒரு கல், ஒரு துண்டுப் பஞ்சு எடுத்து அதில் போட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி! தினம் துளி மீன் தீனி போட்டால் அது அழுகி அம்மோனியா வரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

சோதனைக் கிட் வாங்கி வாரம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உறை ஊற்றினால் சீக்கிரம் முடியும்.

நைட்ரைட் கடல் தண்ணீரில் அம்மோனியா அளவுக்குக் கொல்லாது. ஆனால் அது தென்பட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். பொறுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, அதே இடத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. வாடகை வீட்டில் பெரும்பாலோருக்கு இதுதான் கதி. இதை ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய கல் அத்தனையும், பழைய பில்டரும், நனைந்தபடியே புதுத் தொட்டிக்கு வர வேண்டும். மீனை மட்டும் மாற்றக் கூடாது. அதன் வீட்டையும் கூடவே மாற்ற வேண்டும்.

தளம் தாங்குமா?

தொட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஐந்து அடித் தொட்டியில் முழுக்க நிரப்பாமல் 500 லிட்டர் ஊற்றினாலும் தண்ணீர் மட்டும் அரை டன். 12 மில்லி கண்ணாடி என்றால் தொட்டியே நூறு கிலோவைத் தாண்டும். கல், மணல், ஸ்டாண்டு சேர்த்தால் முக்கால் டன்! ஹாலின் ஒரு மூலையில் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும் பாரம். அந்தப் பத்துப் பேரும் வருஷக் கணக்கில் அங்கேயே நிற்பார்கள்.

சுவர் ஓரமாக, தூண் பக்கமாக வைப்பது நல்லது. மாடி வீடு, பழைய கட்டடம் என்றால் ஒரு என்ஜினீயரைக் கேட்டுவிடுவது உத்தமம். ஸ்டாண்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தெர்மாகோல் தகடு போட வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் என்றாவது கண்ணாடி விரியும்.

தொட்டி வந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். புது சிலிகானில் காடி வாடை அடித்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது!

சமையல் உப்பு ஆகாது

"கடல் தண்ணிதானே? கல் உப்பு வாங்கிக் கரைச்சா போச்சு!" என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பு. கடல் உப்பில் 100-க்கு 85 பங்குதான் சோடியமும் குளோரைடும். மிச்சம் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். உப்பளத்தில் உப்பு விளையும்போதே இவற்றில் பெரும்பகுதி கழிந்துவிடும். அதனால் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டும். 500 லிட்டருக்குச் சுமார் 18 கிலோ ஆகும்.

கடலுக்கே போய்க் கேனில் பிடித்து வந்தால்? கூவமும் அடையாறும் ஊர்க் கழிவைக் கொண்டு வந்து கலக்கும் கரை ஓரத்தில் பிடித்தால், மீனோடு சேர்த்து வியாதியும் வளரும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைப் போக்க மருந்து விட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கவலை குறைவு. உப்பை முதல் நாளே பெரிய டிரம்மில் கரைத்து, ஒரு மோட்டார் போட்டுச் சுழல விட வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேராக உப்பைக் கொட்டக் கூடாது. டிரம் புதியதாக இருக்கட்டும். பெயிண்ட், பினாயில் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம். தொட்டித் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது. மாதக் கணக்கில் கவனிக்காத பழைய தொட்டியில் உப்பு ஏறிப்போய் இருக்கும். அதனால் முதலில் பழைய தண்ணீரை அளந்து பார்த்து, புதுத் தண்ணீரை அதற்குச் சமமாகக் கரைக்க வேண்டும். திருத்த வேண்டியதைப் பிறகு நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

முதல் நாள் மீனுக்குத் தீனி போடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் பக்கெட்டில் கழிவு குறையும்.

வேலையைக் காலை 6 மணிக்கே ஆரம்பிப்பது நல்லது. வெயில் ஏறாது. ஏதாவது உடைந்தாலும் கடை திறக்கும். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து, 11 மணிக்குக் கரண்ட் போனால் என்ன செய்வது? பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கையில் சோப்பு, தலை எண்ணெய், களிம்பு எதுவும் கூடாது. அன்று அந்த அறையில் கொசு மருந்து அடிக்கக் கூடாது. கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அதை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுவிடும்.

தொட்டியில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும். ஷாக் அடித்தால் தானாக அணையும் சுவிட்சு வீட்டில் இருக்க வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறினால், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

முதலில் பழைய தண்ணீரைக் குழாய் போட்டு மேலாகப் பக்கெட்டுகளில் இறக்க வேண்டும். அடி மணலைக் கலக்கக் கூடாது. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தண்ணீரிலேயே மூழ்க வைக்க வேண்டும். பில்டர் பஞ்சும் அப்படியே. கூடவே ஏர் பம்ப் ஓட வேண்டும். காற்று இல்லாமல் பில்டரை மணிக் கணக்கில் மூடி வைத்தால் பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும்.

கல்லை எடுத்த பிறகு மீனைப் பிடிப்பது சுலபம். கல் இருக்கும்போது துரத்தினால் மீன் சந்துக்குச் சந்து ஓடி அடிபடும். தண்ணீர் அரை அடிக்கு இறங்கட்டும். வலையை விட ஒரு பிளாஸ்டிக் டப்பா மேல். டோரி ஜாதி மீனுக்கு வால் அருகே கத்தி மாதிரி முள் உண்டு. வலையில் மாட்டினால் வலையும் கிழியும், மீனும் கிழியும். பேத்தை மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது. பயத்தில் காற்றை விழுங்கி ஊதிக்கொண்டு தவிக்கும்.

சிங்க மீன் வளர்ப்பவர்கள் ஜாக்கிரதை! அதன் துடுப்பு முள்ளில் விஷம் இருக்கிறது. குத்திவிட்டால் பொறுக்கக் கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அழுகிய முட்டை வாடை!

பழைய மணலில் ஒரு கண்டம் இருக்கிறது. மேலே வெள்ளையாக இருக்கும். அடியில் கறுத்துப் போயிருக்கும். கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது. கூடவே பல மாதம் சேர்ந்த அழுக்கும் அம்மோனியாவும் கிளம்பும். அந்த மணலை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டினால் மீன் ஒரே ராத்திரியில் போய்விடும்.

"மணலை விட்டுடுங்க. புது மணல் கழுவிப் போடுங்க. உறைக்கு மேல் மணல் ஒரு டம்ளர் போதும்" என்பதுதான் அனுபவசாலிகள் சொல்லும் வழி.

கல்லுக்கும் ஒரு எச்சரிக்கை. கல்லில் ஒட்டிய பாசியும் பவளமும் போகட்டும் என்று வெந்நீரில் கொதிக்க வைக்கிறவர்கள் உண்டு. மனித உயிருக்கே ஆபத்து! சில வகைப் பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. 2018-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது நச்சு ஆவி எழுந்தது. குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று.

பெரிய தொட்டிக்குக் கல் பற்றவில்லை என்று ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பவளக் கல் தருவிக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை விட்டுவிடுவது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. பவளப் பாறையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலி, யானையோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. எடுத்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். சந்தையில் செயற்கைக் கல் கிடைக்கிறது. துளைகள் நிறைய இருந்தால் போதும். பாக்டீரியா ஜாதகம் பார்த்துக் குடியேறுவதில்லை.

மீனுக்கும் அதே யோசனைதான். கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. வீடு மாற்றினாலும் தாங்கும்.

சொட்டுச் சொட்டாக...

இனி மீனைப் புதுத் தண்ணீருக்குப் பழக்க வேண்டும். கல் அடுக்கி, பழைய தண்ணீரில் தெளிந்த பாகத்தை ஊற்றி, மிச்சத்துக்குப் புது உப்புத் தண்ணீர் நிரப்பி, பில்டரை உடனே ஓட விட வேண்டும். கலங்கல் அடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மீன் பக்கெட்டில் காத்திருக்கட்டும். பக்கெட்டை மூடி வைக்க வேண்டும். கடல் மீன் துள்ளிக் குதிக்கும்.

பிறகு தொட்டியிலிருந்து ஏர் டியூபைப் பக்கெட்டுக்கு விட்டு, டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் நூல் மாதிரி இறங்க விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பக்கெட் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகட்டும். உப்பும் சூடும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு, மீனை மட்டும் டப்பாவில் எடுத்து விட வேண்டும். பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

இது வீட்டுக்குள் மாற்றும் மீனுக்கு. வெளியூரிலிருந்து பையில் பல மணி நேரம் பயணம் செய்து வந்த மீன் என்றால் முறை வேறு. பைக்குள் மீன் விட்ட மூச்சுக் காற்று சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியாவின் வீரியமும் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் காற்றுப் பட்டுப் பி.எச். ஏறும். அடங்கிக் கிடந்த விஷம் விழித்துக்கொள்ளும்! அந்த மீனை மணிக் கணக்கில் பையிலேயே சொட்டு விட்டுக் காத்திருந்தால் ஆபத்து. சூடு சமமானதும், உப்பு ஒத்திருக்கிறது என்று பார்த்துச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும்.

விளக்கை அணையுங்கள்!

புது வீட்டில் முதல் நாள் விளக்குப் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இருட்டில் மீன் அடங்கும், சண்டை குறையும். கல்லைப் பழைய மாதிரி அடுக்காமல் வேறு மாதிரி அடுக்கினால் இன்னும் நல்லது. பழைய தொட்டியில் 'இது என் இடம்' என்று மிரட்டிக்கொண்டிருந்த டேம்சல் மீனுக்கும் புது வீட்டில் பட்டா கிடையாது! எல்லோரும் முதலிலிருந்து இடம் தேட வேண்டும். அடாவடி மீனைக் கடைசியாக விட வேண்டும்.

தீனி மறுநாள். அதுவும் பாதிதான். இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார்க்க வேண்டும். கொஞ்சம் தென்பட்டால் தீனியை நிறுத்தி, அதே உப்பு, அதே சூடு உள்ள தண்ணீரில் கால் பங்கு மாற்ற வேண்டும். மீன் வேகமாக மூச்சு விட்டால், மேலேயே நின்றால், சோதனைக் கிட் வரும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே தண்ணீர் மாற்ற வேண்டும், ஏர் பம்ப் கூடுதலாகப் போட வேண்டும்.

சென்னை வெயிலையும் மறக்கக் கூடாது. இந்த மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். சித்திரை, வைகாசியில் தொட்டி மாற்றுவதை விட மார்கழி, தையில் மாற்றுவது புத்திசாலித்தனம்.

எல்லாம் சரியாக நடந்தால், இரண்டு மூன்று நாளில் கோமாளி மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு துடுப்பு வீச்சில் கண்ணாடியில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்த டோரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீட்டி நீந்தும். அதைப் பார்ப்பதற்குத்தானே இத்தனை செலவும்!

இடம் தாராளமாகத் தெரிந்ததும் அடுத்த ஆசை வரும். மறுநாளே கடைக்கு ஓடுகிறார்கள். "தொட்டி பெருசாயிடுச்சு அண்ணே, இன்னும் நாலு மீன் குடுங்க!"

பாக்டீரியா இப்போது இருப்பது பழைய மீன்களுக்குப் போதுமான அளவுதான். திடீரென்று நாலு மீன் கூடினால், நாலு வாயின் கழிவைத் தின்ன ஆள் போதாது. பழைய கதை திரும்பவும் ஆரம்பிக்கும்.

வியாபாரம் தெரிந்த கடைக்காரர் வந்த காசை வாங்கிப் போட்டுக்கொள்வார். மீனைத் தெரிந்த கடைக்காரர் வேறு பதில் சொல்வார்.

"ஒரு மாசம் போகட்டும் தம்பி. அப்புறம் வாங்க. அன்னைக்கும் ஒரு மீன்தான் தருவேன்!"

அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.